பிடி யார் கையில்? பாலாற்றுத் தோல் தொழிலும் அரசியல் சீர்திருத்தமும்

1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தது. பதனிட்ட தோலில் பூசணம் ஏறாமல் இருப்பதற்காக ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகள் என்னும் பதனிடும் ஆலைகளில் அந்நாளில் சர்வசாதாரணமாகப் புழங்கிய மருந்து அது. தடை வந்ததும் தமிழ்நாட்டுச் சரக்கு ஜெர்மன் துறைமுகங்களில் திருப்பி அனுப்பப்படும் அபாயம் வந்தது. உடனே எல்லாரும் ஓடினார்கள். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தோல் ஏற்றுமதிக் கழகம், ரசாயனக் கம்பெனிகள், மத்திய அரசு எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து மாற்று மருந்தைக் கண்டுபிடித்துப் பரப்பின. 1994இல் சில வகை அசோ சாயங்களுக்கு ஜெர்மனி தடை விதித்தபோதும் அதே ஓட்டம். 1997இல் 70 அசோ சாயங்களை இந்திய அரசே நாடு முழுவதும் தடை செய்தது.

ஜெர்மனியின் இரண்டு தடைகளுக்கும் நடுவே, 1991இல், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு போட்டது. தோல் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றில் கலக்கிறது, கிணறுகள் கெட்டுவிட்டன, நிலம் பாழாகிறது என்பது முறையீடு. தீர்ப்பு வந்தது 1996இல். இழப்பீட்டுக் கணக்கு முடிந்தது 2001இல். அந்த இழப்பீடு போய்ச் சேரவில்லை என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பளித்தது 2025 ஜனவரி 30இல்.

அதே ஆலைகள், அதே அதிகாரிகள், அதே ஆண்டுகள். ஜெர்மன் வாடிக்கையாளரின் தோலுக்கு ஒவ்வாத மருந்து சில ஆண்டுகளில் போய்விட்டது. பாலாற்றங்கரை விவசாயியின் கிணற்றில் இறங்கிய உப்புக்கு முப்பது ஆண்டுகளைக் கடந்தும் கணக்கு முடியவில்லை. வளரும் ஆசிய நாடுகளில் அரசியல் சீர்திருத்தமும் பொருளாதார வளர்ச்சியும் எப்படி ஒன்றையொன்று பாதிக்கின்றன என்ற பழைய கேள்விக்கு இந்த வேறுபாடு ஒரு விடையை வைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கேள்வியில் அறிஞர்கள் பொதுவாக இரண்டு கட்சி. அமெரிக்கச் சமூகவியலாளர் லிப்செட் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, முதலில் வளர்ச்சி வரட்டும், நடுத்தர வர்க்கம் பெருகட்டும், ஜனநாயகம் பின்னால் வரும் என்பது ஒரு கட்சியின் வாதமாயிற்று. சிங்கப்பூரின் லீ குவான் யூ அதை இன்னும் கறாராகச் சொன்னார்: வளரும் நாட்டுக்குத் தேவை ஒழுங்கு. மறுகட்சியில் அமர்த்திய சென், சுதந்திரத்தையே வளர்ச்சியின் உள்ளடக்கமாகப் பார்த்தவர். பொருளாதார அறிஞர் அசெமோக்லுவும் அவருடைய கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஜனநாயகத்துக்கு மாறிய நாடுகளின் தலா வருமானம் 25 ஆண்டுகளில் மாறாமல் இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியது என்று கணக்கிட்டது. எனக்கு இரண்டாவது கட்சியின் பக்கம்தான் சாய்வு. ஆனால் இந்த விவாதம் முழுக்க நாடு என்ற உயரத்திலிருந்து நடக்கிறது. வேலூர் வட்டாரத்துக்கு 1952 முதலே வாக்குரிமை இருக்கிறது. பத்திரிகை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, ஆட்சிகள் மாறிமாறி வந்திருக்கின்றன. தோல் தொழிலின் பெரும் வளர்ச்சி அதற்கெல்லாம் பிறகுதான். ஜனநாயகம் முன்பே வந்த இடத்தில், வளர்ச்சியின் சுமை ஏன் ஒரு பக்கமாகவே இறங்கியது என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது.

ஆவாரம்பட்டையிலிருந்து குரோமுக்கு

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் தோல் பதனிடுதல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய தொழில். ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு, குழிகளில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இண்டியா’ தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. தமிழ் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் இந்தத் தொழிலில் தலையெடுத்தன. அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஊருக்கும் வந்தது. 1919இல் வாணியம்பாடியில் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரி, 1965இல் மேல்விஷாரத்தில் வந்த அப்துல் ஹக்கீம் கல்லூரி, 1969இல் ஆம்பூரில் வந்த மஜ்ஹருல் உலூம் கல்லூரி ஆகியவற்றை நினைக்காமல் தோல் முதலாளிகளைப் பற்றி எழுதுவது நியாயமாகாது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனையோ பேரை அந்தக் கல்லூரிகள் உருவாக்கியிருக்கின்றன.

பெரிய திருப்பம் டெல்லியிலிருந்து வந்தது. பச்சைத்தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் விற்றுவிட்டு, அதில் செய்த செருப்பின் லாபத்தை ஐரோப்பாவுக்கு விட்டுக்கொடுப்பது ஏன் என்று கேட்டது 1972இல் அறிக்கை கொடுத்த சீதாராமையா குழு. அடுத்த ஆண்டே பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாதி பதனிட்ட தோலுக்கு ஒதுக்கீட்டு வரம்பு, முழுமையாக முடித்த தோலுக்குச் சலுகை. 1979இல் கவுல் குழு இன்னும் ஒரு படி மேலே தள்ளியது. 1984இல் தோல் ஏற்றுமதிக் கழகம் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியும் நின்றது. தோல் விற்ற ஊர் ஷூவின் மேற்பாகம் தைக்கும் ஊராகி, பிறகு ஷூ செய்யும் ஊரானது. இருபதே ஆண்டுகளில் ஒரு தொழிலின் உருவத்தையே அரசு மாற்றிக் காட்டியது. இந்திய அரசு மெத்தனமானது என்று சொல்பவர்கள் ஆம்பூரைப் பார்க்க வேண்டும். வேண்டும் என்று தீர்மானித்தால் அதன் கை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தக் கொள்கைக்கு ஒரு வேதியியல் விளைவு இருந்தது. முடித்த தோலுக்கும் ஷூவுக்கும் ஏற்றது குரோம் முறை. பட்டை முறையில் வாரக்கணக்கில் ஆவது, டிரம்மில் குரோம் உப்போடு சுழற்றினால் ஒரு நாளில் முடியும். ஏற்றுமதி ஏற ஏறப் பட்டைக் குழிகள் ஒதுங்கி டிரம்கள் பெருகின. டெல்லியில் ஒரு குழு எழுதிய பரிந்துரை, வாணியம்பாடியில் ஒரு வாய்க்காலின் நிறத்தை மாற்றியது.

வாய்க்காலில் என்ன போகிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஷாப்புக்கு வரும் தோல் உப்புத்தோல். கறிக்கடையிலிருந்து ஆலைக்கு வரும் வரை அழுகாமல் இருக்க, தோலின் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு கறியுப்பைத் தடவி மடித்து அடுக்கி அனுப்புவார்கள். இறக்கியதும் உதறுகிறார்கள், கொஞ்சம் கொட்டுகிறது, மீதி தோலோடு போய் ஊறல் தொட்டியில் கரைகிறது. அடுத்தது சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும்; முடி கழன்று கூழாகும். அழுகிய முட்டை வாடை என்று வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு சதை நீக்கி, அமிலத்தில் ஊறவைத்து, குரோம் டிரம்முக்குள் ஏற்றினால் தோல் வெளிர்நீலமாக வெளியே வரும். ஒரு கிலோ முடித்த தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்றும், சுமார் 170 வகை ரசாயனங்கள் சேர்கின்றன என்றும் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு குறிப்பிட்டது. குரோமைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். உழவரைக் கேட்டால் உப்பைத்தான் முதலில் சொல்வார். குரோமின் பெரும்பகுதியைச் சேற்றோடு படியவைத்துப் பிரித்துவிடலாம். உப்பு அப்படிப் படியாது. அது தண்ணீரோடு மண்ணில் இறங்கி, கிணற்றுக்கு வந்து, தென்னையின் வேரில் நிற்கிறது.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. கழிவை அடித்துச் செல்ல வெள்ளம் கிடையாது. ஆற்றுமணலுக்கு அடியில் ஓடும் ஊற்றுத்தான் இரு கரை ஊர்களுக்கும் குடிநீரும் பாசன நீரும். ஆற்றில் விட்ட கழிவு கடலுக்குப் போகாமல் குடத்துக்கு வந்தது. தோல் ஆலை வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டதாகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்ததையும் நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது.

தீர்ப்பும் அதன் பிறகும்

1996 ஆகஸ்ட் 28. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளக் கற்களில் ஒன்று. மனுதாரர் தரப்பில் வாதாடியவர் எம்.சி. மேத்தா. மாசுபடுத்துபவரே விலை கொடுக்க வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் அறிவியல் முழு நிச்சயம் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. டெல்லியிலும் கொச்சியிலும் சட்டம் படிக்கும் மாணவர் இன்றும் ‘வேலூர் வழக்கு’ என்று மனப்பாடம் செய்கிறார். அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். நவம்பர் 30க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனிச் சுத்திகரிப்புக் கருவியோ இருந்தாக வேண்டும். பாதிக்கப்பட்டோரைக் கண்டறிந்து இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையம்.

நாட்டின் முடித்த தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழ்நாட்டிலிருந்து போகிறது என்பதை நீதிமன்றம் அறியாமல் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான், அந்நியச் செலாவணிக்காகச் சூழலை அழிக்கும் உரிமை எந்தத் தொழிலுக்கும் இல்லை என்றது.

தீர்ப்பால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்ததும், ஓடியதும் நீதிமன்றத்தின் அழுத்தத்தால்தான். மத்திய, மாநில அரசுகள் கால் பங்கு கால் பங்காகக் கொடுக்க, மீதிப் பாதியை ஆலைகள் வங்கிக் கடனோடு சேர்த்துப் போட்டன. போட்டியாளர்களாக ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்த சிறு ஆலை முதலாளிகள், மூடப்படுவோம் என்ற பயத்தில் ஒன்றுகூடிக் கம்பெனி தொடங்கி, குழாய் பதித்து, தண்டல் வைத்து நடத்தக் கற்றுக்கொண்டார்கள். இந்தக் கூட்டு முயற்சியைப் பற்றி ஆய்வாளர் லொரேன் கென்னடி 1999இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. பிறகு தண்ணீரை முழுவதும் மீட்டெடுக்கும் சவ்வூடு முறை வந்தது. அதிலும் உப்பு ஒழியவில்லை. தண்ணீரைப் பிரித்த பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் கொட்டகைகளில் குவித்து வைத்திருக்கிறார்கள். ஆலைகளில் பெரும்பாலானவை சிறியவை என்பதும் தற்செயல் இல்லை. தோல் ஷூ தயாரிப்பு 2001 வரை சிறுதொழிலுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. சிறியவரைக் காப்பது என்ற நல்ல நோக்கம், கழிவைச் சுத்திகரிக்கும் வசதி இல்லாதவர்களின் எண்ணிக்கையைப் பெருக்கியது.

ஆலைகளைக் கட்டாயப்படுத்துவது ஓரளவு நடந்தது. பாதிக்கப்பட்டவர் கையில் பணம் சேர்ப்பதில்தான் எல்லாம் நின்றது. ஆணையம் 2001 மார்ச்சில் கணக்கு கொடுத்தது: பாதிக்கப்பட்டோர் 29,193 பேர், இழப்பீடு 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய்க்குள். தென்னந்தோப்பு பட்டுப்போனவருக்கு, மூன்று போகம் விளைந்த நிலத்தை மனையாக விற்றவருக்கு, அவ்வளவுதான். அதுவும் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பின்னணி. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, இன்னும் கிடைக்காதவர்களுக்கு முதலில் அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றைக் கண்காணிக்கவும் உத்தரவிட்டது. 1996இல் சொன்னதோடு ஒப்பிட்டால், அன்று அமைத்த ஏற்பாட்டையே இன்னொரு முறை அமைக்க வேண்டி வந்திருக்கிறது.

நாக்டோங் ஆற்றில் நடந்தது

வேலூரில் மனு போட்ட அதே 1991இல், தென் கொரியாவின் நாக்டோங் ஆற்றில் ஒரு விபத்து நடந்தது. மார்ச் மாதம், குமி நகரில் டூசான் குழுமத்தின் மின்னணுப் பொருள் ஆலையிலிருந்து ஃபீனால் கசிந்து ஆற்றில் கலந்தது. கீழே டேகு மாநகரத்தின் குடிநீர்க் குழாயில் நாற்றம். மக்கள் டூசான் குழுமத்தின் ஓ.பி. பீரைப் புறக்கணித்தார்கள். குழுமத் தலைவர் பதவி விலகினார். சுற்றுச்சூழல் அமைச்சர் நீக்கப்பட்டார். எல்லாம் ஓரிரு மாதத்துக்குள்.

இதைச் சொல்லிக் கொரியாவை உயர்த்திப் பேசுவது எளிது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1985இல், அதே நாட்டில் ஓன்சான் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு உடல் வலியும் தோல் நோயும் வந்தபோது, ராணுவ ஆட்சி காரணத்தை ஒப்புக்கொள்ளாமல் மக்களை இடம்பெயர்க்கும் வழியைத்தான் தேடியது. இரண்டுக்கும் நடுவே 1987ஆம் ஆண்டு ஜூன் எழுச்சி இருக்கிறது. அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கும் உரிமை, தொழிற்சங்கங்களின் மாபெரும் வேலைநிறுத்த அலை, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1991 மார்ச்சிலேயே திரும்பி வந்த உள்ளாட்சித் தேர்தல் எல்லாம் அந்த ஆண்டுகளில் நடந்தவை. தைவானிலும் ஏறக்குறைய இதே கதை. 1986இல் லூகாங் என்ற பழைய துறைமுக ஊர் டூபான்ட் கம்பெனியின் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தது; மறு ஆண்டு கம்பெனி பின்வாங்கியது; அதே 1987இல் ராணுவச் சட்டமும் விலக்கப்பட்டது. அங்கே சுற்றுச்சூழல் போராட்டம்தான் ஜனநாயகத்துக்கு வழிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

ஆக ஜனநாயகம் வந்ததால் கொரியாவுக்கு நியாயம் கிடைத்தது. ஜனநாயகம் இருந்தும் வேலூருக்கு அது ஏன் கிடைக்கவில்லை? டேகுவில் நச்சுத் தண்ணீரைக் குடித்தவரே டூசானின் பீரையும் வாங்குபவர். அவர் கையில் வாக்கும் இருந்தது, சந்தையும் இருந்தது. பாலாற்றில் இந்த இரண்டும் இரண்டு கண்டங்களில் இருந்தன. ஆம்பூர் ஷூவை வாங்குபவர் ஹாம்பர்க்கிலோ லண்டனிலோ இருக்கிறார். அந்தத் தோலின் கழிவு தன் கிணற்றில் இறங்கியவர் அந்த ஷூவை வாங்கப்போவதில்லை, புறக்கணிக்கவும் முடியாது. ஜெர்மன் அரசு ஒரு மருந்தைத் தடை செய்தபோது முதலாளியின் பணப்பெட்டி அதன் பிடிக்குள் இருந்தது. பாலாற்று விவசாயியின் பிடியில் ஐந்து ஆண்டுக்கு ஒரு வாக்கும், டெல்லி வரை போக வேண்டிய ஒரு மனுவும் மட்டுமே இருந்தன.

அந்த வாக்கும் ஒன்றுதிரளவில்லை. ஒரே குடும்பத்தில் கணவர் டிரம் ஓட்டுகிறார், மனைவி ஷூ கம்பெனியில் தைக்கிறார், அவர்களுடைய பெற்றோர் கெட்டுப்போன நிலத்தின் இழப்பீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். இப்படி ஒரு வீட்டில் கூலியும் கிணறும் ஒரே வாக்குச்சீட்டில் வந்து நிற்கும்போது கூலிதான் வெல்லும். அதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆலை உடைமை, நில உடைமை, ஆலைக்கூலி மூன்றும் பெரும்பாலும் மூன்று சமூகங்களாகப் பிரிந்து கிடப்பதும் சேர்ந்துகொண்டது. முஸ்லிம் முதலாளி, இடைநிலைச் சாதி விவசாயி, தலித் தொழிலாளி என்ற இந்தப் பிரிவினையில் எந்தப் பக்கம் பேசினாலும் இன்னொரு பக்கம் வாக்கு போய்விடும் என்று எல்லாக் கட்சிகளும் கணக்குப் போட்டன. அதனால்தான் பாலாற்றுப் பிரச்சினை சட்டமன்றத்தை விட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

வாக்கு என்ற அந்தச் சிறு பிடியும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் படுத்துறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஆற்றைக் காப்பதற்காக எழுந்த அமைப்பு, இந்த ஊரில் வாக்கும் இல்லாத, நிலமும் இல்லாத, சங்கமும் இல்லாதவர்களைக் கொன்றது. இந்தச் சாவுகளை வழக்கமான ஆலை விபத்து என்ற கணக்கில் எழுதிவிட என்னால் முடியவில்லை.

கறாரான ஆட்சி இதைச் சீக்கிரம் தீர்த்திருக்குமா என்று கேட்பவர்கள் டாக்காவைப் பார்க்கலாம். ஹசாரிபாக் தோல் ஆலைகளைப் புரிகங்கை ஆற்றங்கரையிலிருந்து சாவாருக்கு மாற்றுவது என்று 2003இல் முடிவானது. மின்சாரத்தைத் துண்டித்துக் கட்டாயமாக வெளியேற்றியது 2017இல், எதிர்க்கட்சி பெயரளவுக்கே இருந்த ஆட்சியில். போன இடத்தில் சுத்திகரிப்பு நிலையம் முழுமையாகத் தயாராகவில்லை. கழிவு தாலேஸ்வரி ஆற்றுக்குப் போனது. மேலிருந்து வரும் ஆணைக்கு ஆலையை நகர்த்தத் தெரிகிறது. நகர்த்திய பிறகு அங்கே குழாயைக் கவனிக்க ஊரில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லாவிட்டால் ஆறு மட்டும்தான் மாறும்.

ஊராட்சி இல்லாத ஆண்டுகள்

அரசியல் சீர்திருத்தம் என்றால் ஆட்சி மாற்றத்தையே நினைக்கிறோம். பாலாற்றுக்குத் தேவைப்பட்டது அதைவிடச் சிறிய, கீழான ஓர் இடத்தில் நடந்திருக்க வேண்டிய சீர்திருத்தம். 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் பிறந்து, அதன்படி முதல் தேர்தல் நடந்தது 1996 அக்டோபரில். வேலூர்த் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வழக்கு நடந்த ஐந்து ஆண்டுகளிலும் கிராமத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லை, தனி அலுவலர்கள்தான்.

அடுத்த இடைவெளி இன்னும் வருத்தமானது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகத்தில் நடந்தபோது ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. அவற்றில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் அடக்கம். காரணம், 2019 நவம்பரில்தான் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். வார்டு எல்லை வரையறை முடியவில்லை. நிர்வாகத்தை மக்களுக்கு நெருக்கமாக்குவதற்காகச் செய்த பிரிவினையால், மக்களின் சொந்த நிர்வாகம் இன்னும் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. 2021 அக்டோபரில் தேர்தல் நடக்கும் வரை, ஐந்து முழு ஆண்டுகள், தோல் வட்டாரம் முழுவதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர்கூட இல்லை.

இருந்தாலும் என்ன செய்திருப்பார் என்று கேட்கலாம். தொழிற்சாலை கட்டவும் இயந்திரம் நிறுவவும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும் என்ற பிரிவு ஊராட்சிகள் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கழிவுநீர் விடுவதற்கான இசைவைத் தருவது, புதுப்பிப்பது, நிறுத்துவது எல்லாம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கிராமசபையில் என்ன தீர்மானம் போட்டாலும் வாரியம் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. ஆற்றுக்கும் நீர்நிலைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் மாசுதரும் தொழில்கள் வரக் கூடாது என்று 1989 மார்ச் 30இல் தமிழ்நாடு அரசே போட்ட ஆணை எண் 213ஐ நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996இல் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு ஆலை வாசலில் நின்று கேட்கும் சட்டபூர்வமான அதிகாரம் ஆற்றங்கரை ஊருக்கு இருந்திருந்தால், அது டெல்லி வரை போயிருக்காது.

இந்தக் கேள்வி பழைய தோல் ஷாப்புகளோடு முடிவதில்லை. 1987க்குப் பிறகு கூலி உயர்ந்ததால் கொரியாவின் பூசான் நகரத்து ஷூ ஆலைகள் இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் வியட்நாமுக்கும் போயின. தைவான் கம்பெனிகளும் போயின. அதே தைவான் கம்பெனிகள் இப்போது இங்கே வருகின்றன. செய்யாறு சிப்காட்டில் ஏற்கெனவே ஃபெங் டே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு காலணி, தோல் பொருள் கொள்கையை வெளியிட்டது. 2024 டிசம்பரில் இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹாங் ஃபூ குழுமத்தின் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள், 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 வேலை என்ற அறிவிப்போடு. இவை செய்வது பெரும்பாலும் தோல் இல்லாத விளையாட்டுக் காலணிகள். டிரம் கிடையாது, குரோம் கிடையாது. ஆற்றுக்கு அது நல்லதுதான். வேலைக்குப் போகப்போகிறவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள், அதுவும் நல்லது.

ஆனால் ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளில் இன்றும் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, ஷூவின் மேற்பாகத்தை முழங்காலில் இறுக்கி, இரண்டு ஊசியை எதிரெதிராக இழுத்துத் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலி. இடைத்தரகர் கொண்டுவந்து கொடுத்து வாங்கிக்கொண்டு போவார். வருங்கால வைப்புநிதி இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, எந்தக் கம்பெனிக்காகத் தைக்கிறோம் என்பது பல நேரங்களில் தெரியாது. ஜனநாயக நாடுகளில் தொழிலாளியின் கூலி கூடுதலாக இருக்கிறது என்று பொருளாதார அறிஞர் டானி ரோட்ரிக் 1999இல் காட்டினார். வாக்குரிமை இருப்பதாலேயே அந்தத் திண்ணையில் கூலி ஏறிவிடவில்லை. கொரியப் பெண் தொழிலாளிக்கு 1987இல் கூலியை ஏற்றியது, சங்கம் வைத்து நிற்கும் உரிமையும் நின்று காட்டிய துணிவும். பனப்பாக்கத்தில் சங்கம் வைக்க விடுவார்களா என்பது, எத்தனை கோடி முதலீடு என்பதற்கு நிகரான கேள்வி.

பிடி என்று இதுவரை சொன்னதற்கு நடைமுறையில் என்ன பொருள் என்று கேட்டால், பெரிய புரட்சி எதையும் நான் கேட்கவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கருவி அளவீடுகள் இணையவழியாகச் சென்னையில் உள்ள வாரியத்துக்குப் போகின்றன. அதே அளவீடுகள் அதே நேரத்தில் அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் தெரிய வேண்டும். ஆலையின் இசைவு புதுப்பிப்பு, பாதிக்கப்படும் கிராமங்களின் கிராமசபை முன் வைக்கப்பட்டு, சபை எழுப்பும் ஆட்சேபத்துக்கு வாரியம் எழுத்தில் பதில் தந்த பிறகே நடக்க வேண்டும். இழப்பீட்டுக்கு உரியவர்களின் பெயர்ப் பட்டியலும் கொடுத்த தொகையும் ஊர்வாரியாக ஒட்டப்பட வேண்டும். 2001ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ளவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை, வாரிசுகள் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராமசபை கூட வேண்டும் என்று தமிழ்நாடு அரசே வகை செய்திருக்கிறது. பாலாற்றங்கரை ஊர்களில் அந்தக் கூட்டத்தின் முதல் பொருளாக இந்த மூன்றையும் வைப்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மூன்று மாவட்ட ஆட்சியர்களும் வாரியமும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.